ஓட்டு கேட்டு வந்த எல்லா கட்சித் தலைவர்களுக்கும்

வணக்கம். 2024 பார்லிமென்ட் எலக்‌ஷனுக்கு ஏப்ரல் 19 ஓட்டு போட்டாச்சு, விரல்ல மை இன்னும் போகல, ரிசல்ட்டுக்கு ஜூன் 4 வரைக்கும் காத்துகிட்டு கெடக்கணும், அதுக்குள்ள இத சொல்லிடறேன்.

பிரச்சாரம் முடியறதுக்கு நாலு நாள் முன்னாடி எங்க ஊர் ரயில்வே கேட்டுகிட்ட உங்கள்ல ஒருத்தரோட வேன் வந்து நின்னுச்சு. பதினொண்ணுக்கு வர்றேன்னவரு ஒன்றரைக்கு வந்தாரு, ஆரத்தி தட்டுல மஞ்சத்தண்ணி பாதி காஞ்சே போச்சு. வந்தவரு எதிர்க்கட்சிக்காரரோட அப்பாவ இழுத்தாரு, அப்புறம் தாத்தாவ. அந்த நேரம் பாத்து கேட் போட்டாங்க, எக்ஸ்பிரஸ் ஹாரன் அடிச்சுகிட்டு போச்சு, மைக் எடுபடலன்னு ஒரு நிமிஷம் நிறுத்தி ரயில வேடிக்கை பாத்தவரு திரும்ப தாத்தாகிட்டயே போயிட்டாரு.

ஐயா, கொரோனாவுக்கு முன்னாடி அந்த ரயில் எங்க ஊர்ல நின்னு போன வண்டி. பெரியாஸ்பத்திரில மருந்து வாங்கிட்டு அதுல ஏறினா எங்கம்மா முக்கால் மணி நேரத்துல வீட்ல இருப்பாங்க. இப்ப இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்து சேர சாயங்காலம் நாலு மணி ஆயிடுது, இன்சுலின் வச்ச டப்பால போட்ட ஐஸ் பாதி வழியிலயே வெந்நி மாதிரி ஆயிருக்கும். அன்னிக்கு இதத்தான் கேக்கணும்னு முன்வரிசைல நின்னாங்க. வாய தொறக்கறதுக்குள்ள வேன் நகந்துருச்சு.

ரயில் நிறுத்தம் கவுன்சிலர் வேலை இல்ல, டெல்லில கேக்க வேண்டியது, அதுக்குத்தானே இந்த எலக்‌ஷன்? நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு. பேசற ஒரு மணி நேரத்துல அஞ்சே அஞ்சு நிமிஷம், பார்லிமென்ட்ல இந்த தொகுதிக்காக என்ன கேப்பீங்க, வருஷத்துக்கு 5 கோடி எம்பி நிதி இதுவரைக்கும் எங்க போச்சு, அத பேசுங்க.

ஒரு வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல செலவு பண்ணக்கூடாதாம், நீங்க வெடிச்ச பட்டாசும் பிரியாணியும் அதுக்குள்ள அடங்குச்சுன்னு கணக்கு காட்டுவீங்க, அந்த திறமைக்கு உங்கள நேரா நிதியமைச்சராவே ஆக்கலாம். ராத்திரி 10 மணிக்கு மேல மைக் கூடாதுன்னு சும்மா கும்பிட்டுகிட்டே போனீங்கல்ல, உள்ளதச் சொன்னா மொத்த பிரச்சாரத்துலயும் எங்களுக்கு புடிச்சது அதுதான். சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க.

ஜெயிக்கறவரு எப்படியும் நன்றி சொல்ல வருவீங்க. தயவு செஞ்சு அப்பவாவது அந்த அஞ்சு நிமிஷம் பேசுங்க, ரயில பத்தி. அதே கேட்டுகிட்டதான் நிப்போம். மைக் வேண்டாம், அம்மாவுக்கு காது நல்லாவே கேக்கும்.