வலம்புரி வாங்கும் முன்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டுவலி தேவலை என்று அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

புது வீட்டுப் பூஜையறைக்கு வலம்புரிச் சங்கு ஒன்று விலை பேசியிருப்பதாக எழுதியிருந்தாய். பணம் கொடுத்துவிடாதே, கொஞ்சம் பொறு. இங்கே கோயில் பக்கம் ஒரு கடையிலும் வலம்புரி என்று காட்டினார்கள். கையில் வாங்கி, வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பார்த்தேன். நம் மன்னார் வளைகுடாச் சங்கு என்றால் அங்கே மூன்று நான்கு மேடுகள் வரிசையாகத் தட்டுப்படும். அதில் ஒரே ஒரு மடிப்புதான். அது அமெரிக்கக் கரையோரத்து நத்தை. நம் சங்கு வலம்புரியாகச் சுற்றுவதுதான் அபூர்வம். அந்த இனம் இயல்பாகவே வலம்புரியாகத்தான் சுற்றி வளரும், அதில் அபூர்வம் எதுவும் இல்லை. அதை அபூர்வத்தின் விலைக்கு விற்பது அநியாயம்.

உண்மையில் நம் சாதாரணச் சங்கே எவ்வளவு அதிசயமான உயிர் தெரியுமா! உயிரோடு இருக்கும்போது மேலே பழுப்புத் தோல் மூடியிருக்கும். அதைச் சுரண்டிய பிறகுதான் நாம் பார்க்கும் வெள்ளை. மணலில் கிடந்து புழுக்களைத் தின்று வாழ்கிறது. முட்டைக் கூடு கிடாக்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு, அடிப்பக்கம் மணலில் ஊன்றி நிற்கும். உள்ளே அறை அறையாக இருக்கும். குஞ்சுகள் கடலில் மிதந்து திரிவதில்லை. கூட்டுக்குள்ளேயே ஓடு வளர்ந்து, குட்டிச் சங்காகவே ஊர்ந்து வெளியே வரும். அதனால் ஓரிடத்தில் ஒட்ட அள்ளிவிட்டால், மறுபடி நிரம்ப ரொம்பக் காலம் ஆகும். இதை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

அப்புறம், பேத்தியைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். சங்கு வளையல் துண்டுகளை விட்டு அவள் நகரவே இல்லை. கடலே இல்லாத ஊருக்குச் சங்கு எப்படி வந்தது என்று கேட்டாள். மதுரைக்காஞ்சியில் நம்மூர்த் தெருவில் சங்கறுப்பவர்களை, ‘கோடுபோழ் கடைநர்’ என்று சொல்லியிருப்பதைக் காட்டினேன். இன்றைக்கும் தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குப் போய், கல்யாணமான பெண்களின் கையில் வளையலாகிறது. இதெல்லாம் இடம்புரி என்கிற நம் சாதாரணச் சங்கின் பெருமைதான். வலம்புரியை யார் அறுப்பார்கள்?

சரி, உனக்கும் இடம்புரியே போதும் என்பது என் எண்ணம். பூஜைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தூத்துக்குடியில் இருக்கும் என் மச்சினனிடம் சொன்னால் நல்லதாகப் பார்த்து வாங்கித் தருவான். பால் காய்ச்சும் தேதியை எழுது. வரும்போது கையோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள