அடிமாட்டு விலை ஜிப்சியும் அவசரத்தில் மாட்டும் பெரிய டயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி மலைப்பாதைக்குத் தயார் செய்வது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். படத்தில் இருந்த மாருதி ஜிப்சிக்கு இடுப்புயர டயர், முன்னால் கனமான இரும்புக் காப்பு, கூரை மேல் விளக்கு வரிசை. கட்டுரையிலோ சேசிஸ் எனும் அடிச்சட்டத்தின் துருவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றைப் புதுப்பிப்பதைப் பற்றியும் இல்லை. அதைப் படித்துவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமையே முன்பணம் கொடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் இருப்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் பணம் எந்த வரிசையில் செலவாக வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஜிப்சி நல்ல வண்டி, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1985 கடைசியில் 970 சிசி என்ஜினோடு வந்தது. 1996இல் 1298 சிசி ‘கிங்’, 2000இல் அதே கொள்ளளவில் 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக எரிபொருள் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய ஒரு டன்தான் என்பதால், கனமான வண்டிகள் புதையும் சேற்றில் இது மிதந்து போய்விடும். ஆனால் 2019க்குப் பிறகு கடையில் புதிதாகக் கிடைப்பதில்லை. குறைந்த விலைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை 15 வயதைத் தாண்டியவை அல்லது தாண்டப் போகிறவை. அதனால் வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்.

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு படிவம் 25 கொடுத்து, தகுதிச் சோதனை முடித்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய இலகு ரக வாகனத்துக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. எனும் தடையின்மைச் சான்று (படிவம் 28) கையில் வராமல் பணம் கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியும் இருக்கிறது. டில்லிப் பகுதியில் 10 வயது டீசலுக்கும் 15 வயது பெட்ரோலுக்கும் வந்த தடையால் அங்கிருந்து மலிவாக இறங்கும் வண்டிகளில் பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். வண்டி வந்து சேர்ந்துவிடும், காகிதம் வராது. உள்ளூர் வண்டிக்குப் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கடன் இருந்திருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கப் படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்கு விற்றவருக்கு 14 நாள், வாங்கியவருக்கு 30 நாள் கெடு. சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் வெல்டிங் தழும்போ அரைத்த தடமோ தெரிந்தால் பேரம் அங்கேயே முடிந்தது.

அடுத்தது சேசிஸ். வண்டியின் அடிப்பக்கம் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சோடு பளபளத்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துச் சட்டத்தின் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று ஒலிக்கும். உள்ளே சேறு அடைத்து அரித்துப்போன இடம் ‘தப்’ என்று அமுங்கிய சத்தம் தரும். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டை தொங்கும் ஷேக்கிள் பிடிமானம், பாடி ரப்பர் உட்காரும் தாங்கிகள், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் செய்திருக்கும் இடம் ஆகிய மூன்றிலும் நின்று நிதானமாகத் தட்டுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸைச் சுற்றி முடி போன்ற விரிசல் இருந்தால் அந்த வண்டி பெரிய டயரோடு வெகுநாள் அடிபட்டிருக்கிறது என்று பொருள். தரையின் ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்கள். பாடியில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசியது. பாடித் தகடு போனால் டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம். சேசிஸ் போன வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

“ஐம்பது அறுபதில் ஸ்டீயரிங் உதறுது, அலைன்மென்ட் பார்த்தா சரியாயிடும்” என்று புரோக்கர் சொல்வார். அநேகமாகச் சரியாகாது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கில். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தட்டினால் டை ராடு எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை) அல்லது ஸ்டீயரிங் பாக்ஸ். உதறலுக்கு, அதிர்வை அடக்கும் புது ஸ்டீயரிங் டேம்பர் போட்டுத் தருகிறார்கள். அது நோயை மூடி வைக்கும், அவ்வளவுதான். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கிங்பின் பேரிங்கையும் மாற்றி, ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து இறுக்கம் பார்த்து மாட்டினால்தான் தீரும்.

அங்கேயே குனிந்தபடி சக்கரத்துக்கு உட்புறம் இருக்கும் உருண்டையைத் தடவிப் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் நல்லது. தண்ணீராக எண்ணெய் வழிந்தால் உள்சீல் போய், டிபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) ஆயில் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. சீல் விலை சொற்பம், கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம். எனவே ஒரு பக்கம் கழற்றும்போதே உள்சீல், வெளிசீல், வீல் பேரிங், கிங்பின் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரே கூலியை நான்கு முறை கொடுப்பீர்கள். பின் ஆக்சில் சீல் கசிந்தால் ஆயில் நேராக டிரம்முக்குள் போய் பிரேக் ஷூவை நனைக்கும். ஒரு பக்கம் மட்டும் நனைந்த வண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மறுபக்கம் இழுக்கும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவில் அப்படி ஒரு வண்டியோடு இறங்கக் கூடாது.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்பதைத் தார்ச்சாலையில் சோதிக்காதீர்கள். ஜிப்சியில் முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே டிபரன்ஷியல் கிடையாது. தாரில் திருப்பினால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, பலவீனமான பாகம் எதுவோ அது உடையும். முன்சக்கரங்களை ஆக்சிலோடு பிணைக்கும் ஹப் லாக் போட்டு, மண் தரையில் 4ஹை (நான்கு சக்கர வேக விகிதம்), பிறகு நின்ற நிலையில் 4லோ (மெதுவான, இழுவை கூடிய விகிதம்) போட்டு நகர்த்துங்கள். முழுக்கத் திருப்பும்போது முன்னால் ‘கடக் கடக்’ என்றால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. 4லோவில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் லீவர் தானாக வெளியே வந்தால் முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். கிளட்ச் விடும்போது வரும் ‘தடக்’ அந்த அளவுக்குப் பெரிய செலவில்லை, மவுண்ட் ரப்பர் அல்லது ஜாயிண்ட் கிராஸ்.

வண்டியை மூன்று லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு ஒன்றரை லட்சம் தனியாக இருக்க வேண்டும். அது விளக்குக்கும் ஸ்டிக்கருக்கும் அல்ல. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லையா, மாற்றியே ஆக வேண்டும். ரேடியேட்டர், ஹோஸ்கள், பிரேக் ஹோஸ், எல்லா ஆயிலும் அதே மாதிரி. கியர்பாக்ஸுக்குச் சுமார் 1.3 லிட்டர், டிரான்ஸ்பர் கேஸுக்கு 0.8, முன் ஆக்சிலுக்கு 2, பின் ஆக்சிலுக்கு 1.5. அளவு எதுவானாலும் நிரப்பும் துளையில் வழியும் வரை ஊற்றுவதுதான் கணக்கு. டிபரன்ஷியலுக்கு 80டபிள்யூ-90 ஜிஎல்-5 தர கியர் ஆயில். கியர்பாக்ஸில் கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையம் இருப்பதால் அங்கே ஜிஎல்-4. இரண்டுக்கும் ஒரே டின் என்று கடைக்காரர் சொன்னால் ஏற்க வேண்டாம்.

பழைய ஆயிலை இறக்கும்போது அது பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் சட்டென்று இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. ஆக்சிலின் மேல் உள்ள சுண்டுவிரல் நுனி அளவு மூச்சுக்குழல் சேற்றால் அடைத்திருந்தால், அந்த வெற்றிடம் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. சீல் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். தீர்வு சில நூறு ரூபாய் வேலை. முன் பின் ஆக்சில்களின் மூச்சுக்குழலில் பெட்ரோல் ஹோஸ் மாட்டி, கிளிப் போட்டு, முன்னதை என்ஜின் அறையின் உச்சிக்கும் பின்னதை டேங்க் மூடிக்கு மேலேயும் கொண்டுபோய், வாய் கீழ்நோக்க வளைத்துக் கட்டுங்கள். பத்தாயிரக்கணக்கில் கொடுத்து ஸ்நார்கெல் (என்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) மாட்டிவிட்டு இதைச் செய்யாமல் விட்ட வண்டிகள் மழைக்காலம் முடிந்ததும் பட்டறைகளுக்கு வருகின்றன.

டயருக்கு வருவோம். கிங்கின் அளவு 205/70ஆர்15, விட்டம் 668 மி.மீ. 215/75ஆர்15 போட்டால் 703 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், ஐந்து சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஸ்பீடோ 60 காட்டும்போது உண்மையில் 63 போவீர்கள். ஆக்சிலுக்கு அடியில் கிடைக்கும் கூடுதல் இடைவெளி விட்ட வித்தியாசத்தில் பாதி, அதாவது 18 மி.மீ. 235/75ஆர்15 என்றால் 733 மி.மீ., பத்து சதவீதம் கூடுதல். இடைவெளி 33 மி.மீ. உயரும். ஆனால் கியர் முழுவதும் பத்து சதவீதம் கனத்துவிடும். ஜிப்சியின் டிரான்ஸ்பர் விகிதம் ஹையில் 1.409, லோவில் 2.268 மட்டுமே, லோவே அவ்வளவு தாழ்ந்ததல்ல. அதிலும் பத்து சதவீதத்தை இழந்தால் ஏற்றத்தில் கிளட்சைக் கருக்கித்தான் ஏற்ற வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸ், கிங்பின், பிரேக் எல்லாம் கூடுதல் சுமை தாங்கும். எங்கள் அனுபவத்தில் இந்த வண்டிக்கு அசல் அளவிலேயே நல்ல ஆழமான பட்டனோடு ஐந்து டயர் போதும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும், அளவு மாறினால் ஃபோர் வீலில் ஓட்ட முடியாது. சேற்றிலும் மணலிலும் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். இது தரும் பிடி பெரிய டயர் தரும் பிடியைவிட அதிகம். திரும்ப ஏற்ற பம்பு வண்டியிலேயே இருக்கட்டும்.

வண்டியை உயர்த்துவது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிபரன்ஷியல் தரையிலிருந்து ஒரு மி.மீ. கூட உயராது, பாடிதான் உயரும். ஆக்சிலை உயர்த்துவது டயர் மட்டுமே. மலிவாகக் கிடைக்கிறதே என்று நீள ஷேக்கிள் மாட்டுகிறார்கள். ஜிப்சியில் முன் ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்நுனியில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சில் முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் கோணம் (கிங்பின் அச்சின் பின்சாய்வு) குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நேர்ச்சாலையில் வண்டி அலையும். ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ப்ராப்பெல்லர் ஷாப்ட்டின் கோணம் கூடி ஜாயிண்ட் தேயும், பிரேக் ஹோஸ் விறைக்கும். ஏற்கெனவே அகலம் குறைந்த, உயரமான வண்டி இது. பக்கச் சரிவில் இன்னும் எளிதில் கவிழும். தொங்கிப்போன பட்டைகளுக்குப் பதில் புது அசல் பட்டை, புது புஷ், நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலே இழந்த உயரம் திரும்பக் கிடைத்துவிடும்.

உண்மையில் கூடுதலாகச் சேர்க்க வேண்டியது இழுவைக் கொக்கி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேசிஸில் துளை வழியாக உயர்தரப் போல்ட் போட்டது. பம்பரில் வெல்டு வைத்த வளையமோ டிரெய்லர் உருண்டையோ சிக்கிய வண்டியை இழுக்கும்போது பிய்ந்து எதிரே நிற்பவர் மேல் பாயும், ஆளைக் கொல்லும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 உற்பத்தியாளரின் விவரக்குறிப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ(4) படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மென்கூரையைக் கெட்டிக்கூரையாக்குவது, என்ஜின் மாற்றுவது போன்றவற்றை ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் செய்தால், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி அதுதான். காப்புக்காடுகளுக்குள்ளும் சரணாலயங்களுக்குள்ளும் அனுமதியின்றி வண்டி நுழையவே கூடாது. மலைப் புல்வெளியில் ஒரு முறை பதிந்த டயர் தடம் அடுத்த மழையில் ஓடையாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

கடைசியாக, தங்கள் கட்டுரைப் படத்தில் இருந்த இரும்புக் காப்பு. இவ்வகைக் காப்புகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதே பிரிவு 52ஐக் காட்டி அகற்றச் சொல்லிவிட்டது. சாலையில் நடப்பவர் மீது மோதினால் அந்த இரும்பு வளையாது, அடி முழுவதும் அவர் மேல்தான் விழும். அந்தப் படத்தைப் பார்த்து அதே போல மாட்ட நினைக்கும் வாசகர்களுக்காக அடுத்த வார வாகனப் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய ஜீப் செப்பனிடும் பட்டறையினர்,
பொள்ளாச்சி.