அப்டேட்டுக்குப் பின் கறுக்கும் திரை: கார்டைக் கழற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதையொட்டிப் பழைய கணினிகள் பலவும் விண்டோஸ் 11க்கு மாற்றப்படுகின்றன. மாற்றிய மறுநாளே ‘டிஸ்ப்ளே வரல’, ‘எழுத்தெல்லாம் பெரிசா தெரியுது’, ‘வீடியோ திக்கித் திக்கி ஓடுது’ என்ற புகார்களோடு அவை சர்வீஸ் கடைக்கு வந்துவிடுகின்றன. அங்கே பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கிறது: ஃபார்மேட் போட வேண்டும், அல்லது கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள். பல நேரங்களில் இரண்டுமே தேவையில்லாத செலவு. கார்டு நன்றாகவே இருக்கிறது. அதற்கும் புதிய விண்டோஸுக்கும் இடையில் நின்று கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் மாறிப்போயிருக்கிறது. டிடிபி சென்டர், போட்டோ ஸ்டுடியோ என்று ஒற்றைக் கணினியை நம்பிப் பிழைப்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, திரை எந்த இடத்தில் கறுக்கிறது என்பது. கணினியை ஆன் செய்ததும் மதர்போர்டு கம்பெனியின் லோகோ வரும். அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். அதுவரை படம் சுத்தமாக வந்து, அதன் பிறகு கறுத்தால் டிரைவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் தன் டிரைவரை ஏற்றுவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். லோகோவிலேயே கோடு கோடாகவோ, பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகளாகவோ தெரிந்தால் கார்டிலோ கேபிளிலோ கோளாறு. கறுத்த திரையின் முன் உட்கார்ந்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. அடுத்து விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். சின்னதாக ஒரு பீப் ஒலி கேட்டு, திரை ஒருமுறை மினுக்கும். கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்கிவைக்கும் கட்டளை அது. சில சமயம் இதிலேயே படம் திரும்பிவிடும்.

திரும்பாவிட்டால் சேஃப் மோடு, அதாவது மிக அவசியமான டிரைவர்களை மட்டும் கொண்டு விண்டோஸை ஏற்றும் முறை. விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். அடுத்தடுத்து இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுநீக்கும் நீலத்திரை தானாக வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4ஐ அழுத்த வேண்டும். சேஃப் மோடில், விண்டோஸுக்குள் நுழையப் போடும் ‘பின்’ நம்பரை ஏற்காமல் போகலாம், கணக்கின் கடவுச்சொல்லைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே படம் தெளிவாக வந்தால் கார்டின் மேலிருந்த சந்தேகம் பெருமளவு நீங்கிவிடும்.

படம் வருகிறது, ஆனால் 1024க்கு 768 அளவில் ஐகான்கள் பருத்துத் தெரிகின்றன என்றால், கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால், கார்டுக்குரிய டிரைவர் கிடைக்காமல் விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரை வைத்து ஒப்பேற்றுகிறது என்று பொருள். கார்டின் பெயர் சரியாக இருந்து மேலே மஞ்சள் முக்கோணம் நின்றால், அதை இருமுறை சொடுக்கி, ‘கோட்’ என்று காட்டும் பிழைக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 31 என்றால் டிரைவரை ஏற்ற முடியவில்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 43 என்றால் கார்டே ஏதோ பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. 43ஐப் பார்த்ததும் கார்டு போச்சு என்று முடிவுகட்டுகிறார்கள். டிரைவரைச் சுத்தமாக நீக்கி, இரண்டு வெவ்வேறு பதிப்புகளைப் போட்டுப் பார்த்து, அப்போதும் 43 வந்தால் கார்டை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் அதே எண் வந்தால்தான் அந்த முடிவுக்கு வரலாம்.

எந்த டிரைவர் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நம் ஊர்க் கணினிகளில் அடிக்கடி காணக்கூடிய, என்விடியா கம்பெனியின் ஜிடி 730 கார்டையே எடுத்துக்கொள்வோம். அதே பெயரில் இரு வேறு தலைமுறைச் சிப்புகள் விற்பனைக்கு வந்தன. 128 பிட் நினைவகப் பாதையும் 96 கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) கொண்டது ஃபெர்மி. 64 பிட், 384 கோர் கொண்டது கெப்ளர். ஃபெர்மிக்கு என்விடியா தந்த கடைசி டிரைவர் 391.35, அது 2018இல் வந்தது. கெப்ளருக்கு 470 வரிசையோடு முடிந்தது. 474, 475 என்று தொடங்கும் எண்கள் அதே வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்கள். கார்டின் அட்டைப்பெட்டியைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போனால் ஒரு நீண்ட வரி வரும். அதில் 10டிஇ என்பது என்விடியா, 1002 என்பது ஏஎம்டி, 8086 என்பது இன்டெல். அதை அடுத்து வருவது சிப்பின் எண். ஜிடி 730இல் அது 1287 என்றிருந்தால் கெப்ளர், 0எஃப்02 என்றிருந்தால் ஃபெர்மி. தவறான வரிசையைப் போட்டால், பொருந்தும் கார்டு எதுவும் இல்லை என்று இன்ஸ்டாலர் நின்றுவிடும். ‘இந்த விண்டோஸ் பதிப்புக்குப் பொருந்தாது’ என்று வருவது வேறு பிழை. 32 பிட், 64 பிட் மாறிப்போனாலோ, புதிய விண்டோஸுக்கான டிசிஹெச் வகை டிரைவர் இருக்கும் இடத்தில் பழைய ஸ்டாண்டர்டு வகையைப் போட்டாலோ அது வரும்.

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 960, 1050 டிஐ, 1060, ஜிடி 1030 கார்டுகளை வைத்திருப்பவர்களுக்கு 580 டிரைவர் வரிசைதான் கடைசி. அவற்றுக்கு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. 590 என்று பார்த்ததும் புதியது என்று இறக்கிவிடாதீர்கள். ஏஎம்டியில் ஹெச்டி 7000, ஆர்7 240 போன்றவை 2021 ஜூனிலேயே பழைய கார்டுகள் பட்டியலுக்குப் போய்விட்டன.

சரி, நேற்றுவரை ஓடிய டிரைவரை அப்டேட் ஏன் மாற்றுகிறது? விண்டோஸ் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது தேதியை மட்டும் பார்ப்பதில்லை. கார்டின் அடையாள எண்ணோடு எது மிக நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதற்குத்தான் கூடுதல் மதிப்பு. லேப்டாப் அல்லது பிராண்டட் கணினியைத் தயாரித்த கம்பெனி, அந்த மாடலுக்கென்றே தன் பெயரில் ஒரு டிரைவரை மைக்ரோசாஃப்டிடம் கொடுத்திருக்கும். அது மூன்று வருடம் பழையதாக இருந்தாலும் நீங்கள் போன வாரம் போட்ட புதிய பொது டிரைவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஏஎம்டி சாஃப்ட்வேரைத் திறந்தால் ‘பதிப்பு பொருந்தவில்லை’ என்று வருவதற்கு இது முக்கியக் காரணம்: கன்ட்ரோல் பேனல் ஒரு பதிப்பு, கீழே இருக்கும் டிரைவர் வேறு பதிப்பு.

ஆகவே செய்ய வேண்டிய முறை இது. டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன் மங்கலாக இல்லாமல் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள், ஐந்து நிமிட வேலை. அது உதவாவிட்டால், சரியான டிரைவரைக் கார்டு கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கி டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் என்றால் லேப்டாப் கம்பெனியின் தளம். பிறகு நெட் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிடுங்கள். இந்தப் படியைத் தவறவிடுவதால்தான் பாதிப் பேர் இதே வேலையை மூன்று முறை செய்கிறார்கள். பழைய டிரைவரை நீக்கி மறுபடி ஏறும் நொடியிலேயே விண்டோஸ் நெட்டிலிருந்து தன் விருப்பத்துக்கு ஒன்றை இறக்கிப் போட்டுவிடும். சேஃப் மோடில், பழைய டிரைவரை அடியோடு நீக்கும் டிடியு என்கிற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஓட்டி, கார்டு கம்பெனியைத் தேர்ந்து, ‘கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்’ கொடுங்கள். சாதாரண முறையில் ஏறியதும் டிரைவரைப் போட்டு, ‘கஸ்டம்’ போய் ‘கிளீன் இன்ஸ்டாலேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் இன்டெல் டிரைவர் முதலில், என்விடியா அடுத்து. இவ்வளவும் முடிந்து ரீஸ்டார்ட் ஆன பிறகே நெட்டை இணைக்க வேண்டும்.

மறுபடி மாறாமலிருக்க, விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள், விண்டோஸின் விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய், ‘அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே’ என்ற பொருள்படும் விதியை எனேபிள் செய்யலாம். அதன் பிறகு வேறு டிரைவர்களும் தானாக வராது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, விண்டோஸ் 11க்கு மாறுகிறவர்களை மிகவும் பயமுறுத்தும் ஒன்று. நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டுக்காக, மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் சிஎஸ்எம் என்பதை (பழைய பாகங்களையும் ஏற்க உதவும் வசதி) டிசேபிள் செய்யச் சொல்வார்கள். செய்து, சேவ் கொடுத்து, ரீஸ்டார்ட் ஆனதும் லோகோகூட வராமல் திரை ஒரேயடியாக இருண்டுவிடும். ஃபேன் சுற்றும், வேறொன்றும் இருக்காது. பழைய கார்டுகள் பலவற்றின் சொந்த பயாஸில், யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் படம் காட்டும் பகுதி இல்லை. சிஎஸ்எம்தான் அதற்கு ஈடுகொடுத்து வந்தது. நிறுத்தியதும் படம் போடுவதற்கு ஆளில்லை. கார்டு எரிந்துவிட்டதாக நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம். புராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகி, சிஎஸ்எம்மை மறுபடி எனேபிள் செய்யலாம். பெயரின் முடிவில் எஃப் உள்ள இன்டெல் புராசஸர்களில் அந்த வசதி இருக்காது. அப்போது பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வையுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். பயாஸில் கை வைப்பதற்கு முன்பே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, யுஇஎஃப்ஐ என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பயாஸைத் தொடும் முன் இன்னொன்றும் உண்டு. டிஸ்கைப் பூட்டிவைக்கும் டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால், பயாஸ் அமைப்பு மாறியதும் 48 இலக்க மீட்புக் குறியீட்டை விண்டோஸ் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் கல்யாண ஆல்பங்கள் உட்பட டிஸ்கில் இருக்கும் எதையும் மீட்க முடியாது.

எல்லாம் சரியாக இருந்தும் அப்டேட்டே காரணமாக இருப்பதும் உண்டு. 2025 அக்டோபரில் வந்த கேபி5066835 என்ற விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு சில கேம்களின் வேகம் குறைந்தது. அடுத்த மாதமே அதற்கென்று 581.94 என்ற அவசரத் திருத்த டிரைவரை என்விடியா வெளியிட்டது. இத்தகைய மாதாந்தர அப்டேட்டுகள் அமெரிக்கக் கணக்கில் இரண்டாம் செவ்வாய் வெளியாகின்றன. நமக்கு அன்றிரவோ புதனன்றோ வந்து சேரும். கடையில் அவசர வேலை இருக்கும் வாரத்தில் அப்டேட்டை ஒரு வாரம் ‘பாஸ்’ கொடுத்து நிறுத்தி வைப்பதில் தவறில்லை. 10இலிருந்து 11க்குப் போனவர்கள் திரும்ப வேண்டுமென்றால் ரெக்கவரி பகுதியில் ‘கோ பேக்’ இருக்கும், பத்து நாள் மட்டும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிட்டால் அந்த வழியும் போய்விடும்.

லினக்ஸில் இதே சிக்கல், அதன் மையப் பகுதியான கெர்னலின் அப்டேட்டுக்குப் பிறகு வருகிறது. கணினி தொடங்கும்போது வரும் குரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து ஏறினால் படம் வந்துவிடும். பிறகு புதிய கெர்னலுக்கான ஹெடர்களை (டிரைவரை உருவாக்கத் தேவையான கோப்புகள்) போட்டு டிரைவர் மாட்யூலை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

ஃபோட்டோஷாப்பை நம்பியிருப்பவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் இன்றைய பதிப்புகள், கார்டின் திறனைக் குறிக்கும் டைரக்ட்எக்ஸ் 12இன் 12_0 நிலையைக் கேட்கின்றன. ஃபெர்மி, கெப்ளர் இரண்டும் 11_0இல் நின்றுவிட்டவை. எந்த டிரைவரைப் போட்டாலும் இது மாறாது. படம் வரும், ஆனால் கார்டின் உதவி ஃபோட்டோஷாப்புக்குக் கிடைக்காது. அவர்கள் பழைய பதிப்பிலேயே தொடர வேண்டும், அல்லது கார்டை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்ற இப்போது வசதியில்லை என்றால், விண்டோஸ் 10க்கான நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். ஒரே சொடுக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிப்பதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். கார்டின் தலைமுறை அறியாமல் போடப்படும் டிரைவர்களைச் சுத்தம் செய்வது, முதலில் வந்த கோளாறைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

கிராபிக்ஸ் கார்டு விற்கும் கடைக்காரர்களிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பில்லில் ‘ஜிடி 730, 2 ஜிபி’ என்று மட்டும் எழுதாமல் சிப்பின் தலைமுறையையும், யுஇஎஃப்ஐ உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் விற்கும்போது இது இன்னும் அவசியம்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
ஈரோடு.