மண்ணெண்ணெய் எந்தத் திமிங்கலத்தையும் காப்பாற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெட்ரோலியத்தின் வரலாறு பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘மண்ணெண்ணெய் வந்தது, திமிங்கலங்கள் பிழைத்தன.’ கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருப்பார். தங்கள் பார்வையைத் தாண்டி அது எப்படி அச்சேறியது என்பதுதான் மனதை அறுக்கிறது. வேட்டைக் கணக்கேடுகளை நெடுங்காலமாகப் படித்து வருகிறவன் நான். அந்த ஏடுகளில் பத்துப் பக்கம் புரட்டியவர்கள்கூட இப்படி எழுத மாட்டார்கள்.

அமெரிக்காவில் டிரேக் என்பவர் பெட்ரோலியக் கிணறு தோண்டியது 1859இல். விளக்கெரிக்கத் திமிங்கல எண்ணெய் வாங்குவது குறைந்தது, திமிங்கல வேட்டைத் துறைமுகமான நியூ பெட்ஃபோர்டின் பாய்மரக் கப்பல்களும் குறைந்தன. அதுவரை உண்மை. ஆனால் 1700களிலும் 1800களிலுமாகக் கொல்லப்பட்ட ஸ்பெர்ம் திமிங்கலங்கள் ஏறத்தாழ 3 லட்சம் என்றால், 20ஆம் நூற்றாண்டில் மட்டும் 7 லட்சத்து 60 ஆயிரம். எல்லா இனங்களையும் கூட்டினால் அந்த ஒரே நூற்றாண்டில் சுமார் 29 லட்சம். அதில் 20 லட்சத்துக்கு மேல் தென் அரைக்கோளத்தில். மண்ணெண்ணெய் கடைக்கடையாகக் கிடைத்த காலத்துக் கணக்கு இது.

தாங்கள் அறியாததல்ல. துடுப்புப் படகுக்காரர்களால் நீலத் திமிங்கலத்தையும், ஃபின் எனப்படும் துடுப்புத் திமிங்கலத்தையும் தொடவே முடிந்ததில்லை. அவை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் பாயும், செத்தால் மூழ்கிவிடும். மெதுவாக நீந்தி, செத்தபின் மிதந்த இனத்தைத்தான் ‘வேட்டைக்குச் சரியானது’ என்ற பொருளில் ரைட் திமிங்கலம் என்று பெயரிட்டு, அழிவின் விளிம்புவரை கொண்டுபோனார்கள். மற்றவற்றுக்கு அரணாக இருந்தது அவற்றின் வேகமும் எடையும் மட்டுமே. அந்த அரணை உடைத்தவை நீராவிப் படகும் வெடிகுண்டு ஈட்டியும். நார்வேயின் ஸ்வென் ஃபோயன் 1870இல் காப்புரிமை பெற்ற ஈட்டி, உடலுக்குள் போனபின் வெடித்தது. தண்டில் இருந்த முட்கள் விரிந்து சதையைக் கவ்விக்கொண்டன. செத்த உடலில் குழாயைக் குத்திக் காற்றடைத்து மிதக்க விட்டார்கள். பிறகு டீசலும் வந்தது. பெட்ரோலியம் திமிங்கலத்தைக் காப்பாற்றியதா, துரத்திப் பிடித்ததா என்று கட்டுரையாளரே யோசிக்கட்டும்.

விளக்குக்குத் தேவையில்லாமல் போன எண்ணெய்க்கு வேறு வாய் திறந்ததையும் அவர் விட்டுவிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறை வந்தது. மீன்வாடை அடித்த எண்ணெய் மார்கரினாகவும் சோப்பாகவும் ஆயிற்று. சோப்பு காய்ச்சும்போது பிரிந்த கிளிசரின் வெடிமருந்துக்குப் போனது.

1904 நவம்பரில் லார்சன் என்ற நார்வேக்காரர் தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியாத் தீவில் கிரித்விகென் என்ற திமிங்கலம் அறுக்கும் நிலையத்தைத் தொடங்கினார். முதலில் விரிகுடாவுக்குள்ளேயே கூன்முதுகுத் திமிங்கலங்கள் கிடைத்தன. சில ஆண்டுகளில் அவை தீர்ந்தன. படகுகள் வெளிக்கடலுக்குப் போயின. 1965 வரை அந்த ஒரு தீவின் நிலையங்கள் அறுத்தவை 1,75,250. தொடக்கத்தில் கொழுப்புத் தோலை மட்டும் உரித்துக்கொண்டு மிச்ச உடலைத் தண்ணீரில் விட்டார்கள்.

1925இல் லான்சிங் என்ற கப்பல், பின்புறம் சறுக்குப் பாதை வைத்து, முழுத் திமிங்கலத்தையும் தளத்துக்கே இழுத்தது. அதன்பின் கரை தேவையில்லை, உரிமம் கொடுக்கும் அரசும் தேவையில்லை. வளைந்த கத்தியோடு நின்ற ஆட்கள் தலைமுதல் வால்வரை நீளக் கோடு கிழிக்க, வின்ச்சு கொழுப்பைப் பட்டை பட்டையாக உரித்தது. எலும்பை நீராவி ரம்பம் அறுத்தது. எல்லாம் கீழ்த்தளக் கொதிகலனுக்குப் போயின. தாமதிக்க முடியாது. தடித்த கொழுப்பு உடற்சூட்டை வெளியே விடாததால், பனிக்கடலிலும் உள்சதை அழுகி எண்ணெய் புளிக்கும். கொன்ற 33 மணி நேரத்துக்குமேல் உடலைக் கடலில் விடக் கூடாது என்று பின்னாளில் விதியே போட்டார்கள். 1930–31 பருவத்தில் 41 ஆலைக்கப்பல்கள் அண்டார்க்டிக்கில் நின்றன. 29,000க்கு மேல் நீலத் திமிங்கலங்கள், ஒரே பருவத்தில். அடுத்த ஆண்டு நார்வேக் கப்பல்கள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. இரக்கத்தால் அல்ல, எண்ணெய் தேங்கி விலை சரிந்ததால்.

பிறகு சட்டம் வந்தது, அதுதான் இன்னும் வலிக்கிறது. 1946இன் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஒப்பந்தத்தின்கீழ் அண்டார்க்டிக்கிற்கு வைத்த அளவு, ஆண்டுக்கு 16,000 ‘நீலத் திமிங்கல அலகு’. ஒரு நீலம் ஓர் அலகு. துடுப்பு என்றால் 2, கூன்முதுகு என்றால் இரண்டரை, சேயி என்ற இனம் என்றால் 6 சேர்ந்து ஓர் அலகு. எண்ணெயை வைத்துப் போட்ட கணக்கு. எந்த இனத்தில் எத்தனை மிச்சம் என்று அது கேட்கவே இல்லை. ஓர் ஈட்டியில் ஓர் அலகு கிடைக்கும்போது ஈட்டியைச் சுடும் பீரங்கிக்காரர் எதைத் தேடுவார்? நீலம் அருகிய பிறகு வேட்டை தானாக நின்றிருக்க வேண்டும். துடுப்புத் திமிங்கலம் செலவைக் கட்டியதால் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன, எதிர்ப்பட்ட கடைசி நீலங்களும் சுடப்பட்டன. தொடக்கத்தில் நாடுவாரிப் பங்கும் கிடையாது. மொத்த அளவு தீருமுன் அள்ள ஒவ்வொரு நாடும் படகுகளைப் பெருக்கியது. இந்த அலகை ஒழிக்க 1972 ஆயிற்று. வேட்டைக்கு முன் சுமார் 2,39,000 என்று மதிப்பிடப்பட்ட அண்டார்க்டிக் நீலத் திமிங்கலம் அதற்குள் 360 அளவுக்கு வந்திருந்தது.

கொடுத்த கணக்காவது உண்மையா? தென் அரைக்கோளத்தில் 1947க்குப்பின் கொன்ற கூன்முதுகுகள் 2,710 என்றது சோவியத். உண்மை 48,000க்கு மேல். 1993இல் ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி யப்லோகோவ் இதை வெளியே சொன்னார். 1959 முதல் 1961 வரை இரண்டே பருவங்களில் சுமார் 25,000. கரையோர நிலையங்கள் ஏன் திடீரென்று வெறுமையாயின என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கைபிசைந்து நின்றார்கள்; 1952இல் திறந்த டாங்கலூமா என்ற ஆஸ்திரேலிய நிலையம் 1962இல் மூடியது. பொய்க் கணக்கை வைத்து யார் எந்த அளவை நிர்ணயிக்க முடியும்?

இது எங்கோ பனிக்கடலின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1960களின் நடுவில் அதே சோவியத் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் சுமார் 1,300 நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. 1966 நவம்பரில், ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் கரையோரக் கடலில் 238 கூன்முதுகுகள். அரபிக்கடல் கூன்முதுகு மற்றவைபோல் அண்டார்க்டிக்கிற்கு வலசை போவதில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கிறது. வெளியிலிருந்து வந்து சேர உறவும் இல்லை. இன்று ஓமான் பக்கம் எஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. 1979இல் செஷல்ஸ் முன்மொழிந்து இந்தியப் பெருங்கடல் திமிங்கலக் காப்பிடமானது தங்கள் இதழில் ஒருமுறைகூட வந்து நான் பார்த்ததில்லை.

பழைய வருத்தங்களும் இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒரு பெட்டிச் செய்தியில் ‘திமிங்கலங்கள் எல்லாம் மீண்டுவிட்டன’ என்றீர்கள். தென்மேற்கு அட்லாண்டிக் கூன்முதுகு மீண்டது உண்மை: 27,000 இருந்தது, 450 ஆகி, இன்று 25,000 அளவில் நிற்கிறது. அதே கடலில் தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றி 1998 முதல் 2018 வரையிலான ஆய்வுப் பயணங்களில் நீலத் திமிங்கலம் ஒரே ஒருமுறைதான் தென்பட்டது. 2020இல்தான் 58 முறை கண்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் விலங்கு எப்படிச் சட்டென்று பெருகும்? வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் 1930களிலிருந்தே பாதுகாப்பில் இருந்தும் இன்று 400க்கும் குறைவு. வேட்டை நின்றாலும் கப்பல் மோதலும் வலைக்கயிறும் நிற்கவில்லை.

வேட்டை என்றாலே ஜப்பானை மட்டும் காட்டுவதும் நியாயமல்ல. நார்வே, பிரிட்டன், நெதர்லாந்து, சோவியத் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. அம்பர்கிரிஸுக்குத் ‘திமிங்கல வாந்தி’ என்று தலைப்பிடுவதைப் பற்றி முன்பே இரண்டு முறை எழுதினேன். அது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய்களின் வாயலகுகளைச் சுற்றித் திரள்வது. மீனம்பர் என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. அந்தக் கடிதங்களுக்குப் பதிலில்லை. அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

கேட்பது சிறியதுதான். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: மண்ணெண்ணெய் வந்த பிறகே பெரும்பாலான திமிங்கலங்கள் கொல்லப்பட்டன, வணிக வேட்டைக்குத் தடை 1982இல் வாக்கெடுப்பில் வந்து, 1985–86 பருவத்திலிருந்து நடப்புக்கு வந்தது. கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வரட்டும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி