ஒற்றை இழை

உ
சிவமயம்

கால்வே, அயர்லாந்து
மார்கழி 14

அன்புள்ள அப்பச்சி அவர்களுக்கும் ஆத்தாவுக்கும் மகன் முத்து வணங்கி எழுதுவது. இவ்விடம் நான் நலம். அவ்விடம் உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

ஆத்தா எழுதிய கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஆவணியில் வந்த கடிதத்துக்கே நான் பதில் எழுதவில்லை என்பது இதைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் போனில் அப்பச்சி "சாப்பிட்டாயா, குளிர் எப்படி" என்று கேட்டுவிட்டு ஆத்தாவிடம் கொடுத்துவிடுகிறார்கள். மதுரையில் ஆஞ்சியோகிராம் எடுத்ததையும், மூன்று குழாய்களில் அடைப்பு இருப்பதையும், பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதையும், அதற்கு அப்பச்சி "தை கழியட்டும், வீட்டுப் பங்கு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு வந்ததையும் நான் கடிதத்தில்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பர்மாவிலிருந்து ஐயா மாதம் தவறாமல் எழுதிய கடிதங்கள் பெட்டகசாலையில் கட்டுக்கட்டாக இருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

முதலில் இங்குள்ள நிலவரத்தை எழுதிவிடுகிறேன். காலையில் ஏறக்குறைய ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது. மாலை நாலரைக்குள் இருட்டிவிடுகிறது. பனி அதிகம் இல்லை. மழைதான், அதுவும் கடற்காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை. குடை பிடித்துப் பயனில்லை. போன வருடத்துக் கோட்டே நன்றாக இருப்பதால் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. இரவில் ஹீட்டரை அணைத்துவிட்டு ஆத்தா கொடுத்துவிட்ட இரண்டு போர்வைகளையும் சேர்த்துப் போர்த்திக்கொள்கிறேன், அதுவே போதுமானதாக இருக்கிறது. மிளகாய்ப் பொடி இன்னும் பாதி டப்பா இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்த மழையிலும் காலையில் புறப்பட்டு, சால்ட்ஹில் கடற்கரைப் பாதையின் கடைசி வரை நடந்து, அங்குள்ள சுவரைக் காலால் ஒரு முறை உதைத்துவிட்டுத் திரும்புவார். அப்படி உதைப்பது இந்த ஊர் வழக்கம். உதைத்தால்தான் நடை முடிந்ததாகக் கணக்கு. ஆத்தாவின் கடிதம் வந்த மறுநாள் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கால்சட்டையைத் தொடை வரை சுருட்டிக் காட்டினார். கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை, வெள்ளை நூலை ஒட்டிவைத்தாற்போல ஒரு தழும்பு. பைபாஸ் செய்து 19 வருடங்கள் ஆகின்றனவாம். நெஞ்சைவிடக் கால்தான் அதிக நாள் வலித்தது என்றார். அவர் நடந்துபோய்ச் சுவரை உதைத்துவிட்டுத் திரும்புவதை இரண்டு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தும், நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதர் அவர் என்பது எனக்குத் தெரியாது.

அப்பச்சி தயங்குவது நெஞ்சைத் திறப்பதை நினைத்து அல்ல என்பது எனக்குத் தெரியும். தேவகோட்டை அம்மானை நினைத்துத்தான் தயங்குகிறீர்கள். ஆபரேஷனில் இதயம் சரியாகி, பக்கவாதத்தில் வலது கை விழுந்து வீட்டுக்கு வந்த அவர்களைக் கண்ணால் கண்டபின் யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆகவே, அந்தப் பயத்தைப் பற்றியே எழுதுகிறேன். தொழிற்சாலையில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் பல முறை கேட்டும் "ஆஸ்பத்திரிச் சாமான்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கிறேன். நான் பார்க்கும் வேலை இதே விஷயத்தைச் சேர்ந்தது, அப்பச்சி.

பைபாஸ் என்பது அடைப்பை எடுப்பது அல்ல. அடைப்பைத் தாண்டி வேறு வழியில் ரத்தம் விடுவது. காலிலிருந்து ஒரு குழாயை எடுக்கிறார்கள். நாம் நரம்பு என்கிறோம். உண்மையில் அது சிரை, அது இல்லாமலும் கால் சமாளித்துக்கொள்ளும். அதன் ஒரு முனையை இதயத்தின் மேல் ஓடும் தமனியில் அடைப்புக்கு அப்பாலும், மறு முனையை இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் தைக்கிறார்கள். 1967இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா டாக்டர் இப்படிக் கால் சிரையை வைத்துச் செய்தார். நம் நாட்டில் முதல் பைபாஸை 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தார். ஆகவே, இது நேற்று வந்த வைத்தியம் அல்ல.

பெருந்தமனியில் தைக்கும் இடத்தில்தான் சங்கடம். உடம்பு முழுவதற்கும் போகும் ரத்தம் அதில் பாய்கிறது. அதில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அந்த வாயைச் சுற்றிச் சிரையைத் தைக்க வேண்டும். ரத்தம் பீறிடாமல் இருக்க, தமனியின் ஒரு பக்கத்தை மடித்துப் பிடிப்பதுபோல ஓர் இடுக்கியைப் போடுவது நெடுங்கால வழக்கம். இளம் வயதில் அந்தச் சுவர் மெத்தென்று இருக்கும், அதனால் பாதகமில்லை. வயதானவர்களுக்கும், அப்பச்சியைப் போல் நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து காரை கட்டியிருக்கும். நம் வளவு வீட்டு மேற்குச் சுவரில் ஆணி அடித்தபோது, அடித்த இடம் விட்டு ஒரு முழம் தள்ளிக் காரை பொரிந்து விழுந்ததே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இடுக்கி அழுத்தும்போது அப்படி ஒரு பொருக்கு உதிர்ந்து ரத்தத்தோடு மூளைக்குப் போனால் பக்கவாதம். அம்மானுக்கு இதுதான் நேர்ந்தது என்று நான் சொல்ல முடியாது, பக்கவாதம் வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இது ஒரு வழி, அடைக்கக்கூடிய வழி.

அதை அடைக்கும் கருவியைத்தான் நாங்கள் செய்கிறோம். பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம் ஓட்டை விழுந்தபோது ஐயா தண்ணீரை இறைக்காமலேயே சரிசெய்தது நினைவிருக்கிறதா? சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டி உள்பக்கமாக வைத்தார்கள். யாரும் பிடிக்காமலேயே தண்ணீரின் பாரமே அதை ஓட்டையோடு அழுத்திக்கொண்டது. எங்கள் கருவியும் அதே கணக்குத்தான். மெல்லிய இழை ஒன்றை வட்டமாகச் சுருள் சுற்றி, நகத்தளவு குடைபோல் ஆக்கி, அதைச் சுருட்டி ஒரு குழலுக்குள் வைக்கிறோம். டாக்டர் இடுக்கி போடாமலேயே தமனியில் ஓட்டை போட்டு, விரலால் ஒரு கணம் மூடிக்கொண்டு, குழலை நுழைத்துக் குடையை உள்ளே விடுகிறார். அது விரிகிறது. பாயும் ரத்தமே அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றித் தலைமுடியைப்போன்ற நூலால் தையல் போடுகிறார்கள். கடைசி முடிச்சை இறுக்குவதற்கு முன் காம்பை இழுத்தால், குடை உள்ளேயே பிரிந்து பிரிந்து, ஒற்றை இழையாகத் தையலின் இடைவெளி வழியே வெளியே வந்துவிடும். உள்ளே எதுவும் தங்குவதில்லை. உடனே முடிச்சை இறுக்கிவிடுகிறார்கள்.

ஆத்தாவுக்கு இந்தத் தையல் புரியும். ஓலைக் கொட்டானின் வாயைச் சுற்றி ஆத்தா குரோஷா நூலால் விளிம்பு கட்டும்போது ஒவ்வொரு கண்ணும் சம தூரத்தில் விழும் அல்லவா, அதே நேர்த்திதான் இங்கும் வேண்டும். ரத்தக் குழாய்களைத் தைக்க வழி கண்ட அலெக்ஸி கரேல் என்ற பிரெஞ்சு டாக்டர், லியோன் நகரத்துப் பூத்தையல்காரப் பெண்மணி ஒருவரிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டவர். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைப் படித்த அன்று எனக்கு முற்றத்துத் தூணோரம் உட்கார்ந்திருக்கும் ஆத்தாவின் கைதான் கண்முன் வந்தது.

என் வேலை, அந்தக் குடையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை. தூசி வடிகட்டிய அறை. சுருளின் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு சரியாக ஒட்டியிருக்க வேண்டும்: குறைவாக ஒட்டினால் ரத்தம் கசியும், அதிகமாக ஒட்டினால் இழுக்கும்போது பிரியாது. ஐப்பசியில் ஒரு நாள், மாதிரிக்கு எடுத்து இழுத்துப் பார்த்த குடைகளில் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால் வந்திருக்கும். ஆனால் ஆபரேஷன் மேசையில் அப்படிப் பலமாக இழுத்தால் புதிதாகப் போட்ட தையல் கிழியும். அதோடு சேர்த்துச் செய்த லாட் முழுவதற்கும், அனுப்பக் கூடாது என்று நான் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். உற்பத்தி லைன் இரண்டு வாரம் நின்றது. அனுப்ப வேண்டிய சரக்கு தாமதமானதால் மேலே இருந்தவர்கள் சிலர் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. கூடுதல் வேலையும் அதன்பின் எனக்கு அதிகம் வரவில்லை. பிறகு ஒட்டும் சூட்டில் பிழை இருந்தது தெரிந்தது. அன்று எனக்கு அப்பச்சியின் உடம்பு நிலை தெரியாது. இன்று நினைக்கும்போது கை நடுங்குகிறது.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் செய்யும் கருவி இருந்தால்தான் ஆபரேஷன் என்று அப்பச்சி பிடிவாதம் பிடிக்கக் கூடாது. கருவியைவிட, தமனியைப் பார்த்து முடிவெடுக்கும் டாக்டர்தான் முக்கியம். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்யலாம் என்று மதுரை டாக்டர் சொன்னதாக ஆத்தா எழுதியிருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது; உங்கள் தமனியைப் பற்றி அவர் யோசித்திருக்கிறார் என்று அதற்குப் பொருள். நெஞ்சுக்குள் மார்பு எலும்பின் இரு பக்கமும் ஓடும் தமனிகளை எடுத்து, வேறு குழாயை அதிலேயே கிளையாகத் தைத்து, பெருந்தமனியைத் தொடாமலேயே முடிக்கவும் முடியும். எது பொருந்தும் என்பது அவருக்குத்தான் தெரியும். அத்தானைக் கூட்டிக்கொண்டு போய் இவற்றை மட்டும் கேளுங்கள்: பெருந்தமனியில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது, நெஞ்சைத் திறந்தபின் அதன்மேலேயே ஸ்கேன் வைத்துப் பார்ப்பார்களா, இடுக்கி போடாமல் செய்வார்களா. விரலால் தடவிப் பார்த்துத் தெரியாத மெத்தென்ற படிவுகள் ஸ்கேனில் தெரியும். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல டாக்டர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று அடைப்போடு தை வரை காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அப்பச்சி, அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் பிள்ளையார் நோன்பு. வேலை முடிந்து வந்து, கோடி வேட்டியிலிருந்து 21 இழை எடுத்துத் திரியாக்கி, பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து பிள்ளையார் பிடித்து வைத்தேன். இழை எடுத்துக் கொடுக்க வீட்டில் பெரியவர்கள் வேண்டுமே. போன வருடம் அதற்காக டப்ளினுக்குப் போயிருந்தேன். இந்த முறை ரயிலுக்குப் போக வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அப்பச்சி பட்டாலையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பீர்கள், வரிசையில் நானும் வள்ளியும் முந்திக்கொண்டு நிற்போம். நானே என் பெயரைச் சொல்லி, நானே எடுத்து, சுடரோடு வாயில் போட்டுக்கொண்டேன். அதன்பின் நெடுநேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நோன்புக்கு அப்பச்சி கையால்தான் எடுத்துக்கொள்வேன். அதற்கு வேண்டிய லீவைச் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி வீட்டு விஷயம். தேக்குத் தூண்களை விற்றுவிடலாம் என்று பங்காளிகள் பேசுவதாக ஆத்தா எழுதியிருந்தீர்கள். அப்பச்சி ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்காரும் வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். பெரியப்பச்சியிடம் நான் போனில் பேசிக்கொள்கிறேன். ஆத்தா நகையை அடகு வைக்கும் பேச்சே வேண்டாம். பணத்துக்கு நான் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். இந்த மாதம் அனுப்பியது சற்றுக் குறைவாகத் தெரிந்தால், மீதியைச் சேர்த்து ஆபரேஷனுக்கு என்று மொத்தமாக அனுப்புவதற்காகத்தான். வள்ளி காப்பீட்டு அட்டையையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒரே உறையில் போட்டு வைக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை எந்த நாளில் நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நாமாக நிறுத்தக் கூடாது. சர்க்கரையை வாரம் இரண்டு முறை பார்த்து எனக்குச் சொல்லுங்கள். கந்தரப்பம் இரண்டோடு போதும், அப்பச்சி.

தேவகோட்டை அம்மானிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். அவர்கள் மனம் வருந்தும்படி எதுவும் எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆபரேஷன் அன்று அம்மான் அப்பச்சியோடு ஆஸ்பத்திரியில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, அழைத்துப் பாருங்கள்.

தேதி குறித்ததும் வள்ளியை உடனே போன் செய்யச் சொல்லுங்கள், இங்கு நடுச்சாமமாக இருந்தாலும் பரவாயில்லை. எந்தக் காலில் சிரை எடுக்கப்போகிறார்கள் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தினமும் கேட்கிறார்.

தங்கள் அன்புள்ள மகன்,
முத்து