தமிழில் ஏச்சு மட்டும்தானா? மலைநகரின் பூங்காப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பூங்காக்கள், வாவிக்கரை, நீர்வீழ்ச்சிப் பார்வைத் தளங்கள், பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைகள் ஆகியவற்றைப் பொறுப்பேற்று நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கும் குடும்பம் எங்களுடையது. ஏப்ரல் விடுமுறை விட்டதும், சித்திரை வெயிலில் வேகும் இந்நகரை விட்டு மலையேறுவோர் எத்தனை பேர் என்பதை உங்கள் நுழைவுச் சீட்டு அடிக்கட்டைகளே சொல்லும். அந்தக் கூட்டத்தில் நாங்களும் ஒரு வான் நிறையப் போனோம்: நானும் கணவரும், தரம் 4இலும் தரம் 1இலும் படிக்கும் மகளும் மகனும், 72 வயதான என் தாயாரும், அவருடைய முழங்கால் வலித் தைலமும்.

குறையைச் சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகளையும் முதியவர்களையும் ஒருசேர அழைத்துச் செல்ல இலங்கையில் நுவரெலியாவைப் போல வாய்ப்பான ஊர் வேறொன்றை நான் அறியேன். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் நகரின் நடுப்பகுதி பெரும்பாலும் சமதரையாகவே கிடப்பதால், என் தாயார் ஒருவர் கையையும் பிடிக்காமல் விக்டோரியா பூங்காவைச் சுற்றி வந்தார். கிரகரி வாவியில் அன்னப்படகை மிதித்துக் களைத்த பிள்ளைகளுக்குக் கரையிலே மட்டக்குதிரைச் சவாரி காத்திருந்தது. பதுளை வீதியில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் போனால் ஹக்கல தாவரவியல் பூங்கா வருகிறது. அதற்குச் சற்று முன்னே சீதா எலிய அம்மன் கோயிலும், அருகில் ஓடும் ஓடைப் பாறையில் அனுமனின் காலடி என்று காட்டப்படும் குழிகளும் இருக்கின்றன. அந்தக் குழியொன்றில் தன் காலை வைத்துப் பார்த்த மகன், அனுமன் என்ன அளவுச் சப்பாத்து வாங்குவார் என்று கொழும்பு திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். ஹோட்டன் சமவெளியை மட்டும் இம்முறை விட்டுவிட்டோம். ஒன்பது கிலோமீற்றருக்கும் மேலான அந்தச் சுற்றுப்பாதை ஆறு வயதுக் கால்களுக்கு அதிகம். அங்குள்ள ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை விளிம்பைப் பனிமூட்டம் மறைக்குமுன் போய்ச் சேர்வதென்றால் விடியுமுன்னரே புறப்படவும் வேண்டும்.

இரண்டாம் நாள் நடந்ததுதான் இந்த மடலை எழுதத் தூண்டியது. கண்ணில் படுவதையெல்லாம் உரக்க வாசிக்கும் பழக்கம் உள்ளவள் என் மகள். ஒரு பூங்காவின் பெரிய மரமொன்றின் அடியில், அந்த மரம் எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தது என்பதைப் படத்துடன் விளக்கும் அழகான பலகை இருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். தமிழைத் தேடிப் பலகையின் பின்பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், பத்தடி தள்ளி ஒரு சிறு தகரத்தில் அதைக் கண்டுபிடித்தாள்: “பூக்களைப் பரிக்காதீர்.” இடையின ‘ரி’தான் எழுதியிருந்தது. “எங்கட டீச்சர் கண்டா இதுக்கு ஒரு புள்ளி வெட்டுவா” என்று சிரித்தாள். அன்று மாலைவரை, போன இடங்களில் கண்ட தமிழையெல்லாம் தன் அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். பறிக்காதீர், ஏறாதீர், குப்பை போடாதீர், குரங்குகளுக்கு உணவளிக்காதீர், கட்டணம் செலுத்துக. இரவு விடுதியில் போர்வைக்குள் இருந்தபடி அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டிவிட்டு, “அம்மா, தமிழில ஏச்சு மட்டும்தான் இருக்கு” என்றாள்.

எந்தப் பூங்கா என்று நான் எழுதப்போவதில்லை. ஒன்றைச் சுட்டினால் மற்றவை நிம்மதியாகத் தூங்கிவிடும். நல்ல தமிழில், முழு விளக்கத்துடன் வைத்த பலகைகள் இரண்டொன்றையும் நாங்கள் கண்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவற்றைக் கண்டதனால்தான் மற்ற இடங்களிலும் இது முடியும் என்று உறுதியாகக் கேட்கிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது; அடுத்த ஆண்டின் 16ஆம் திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நாடு முழுவதற்குமான நிர்வாக மொழிகளாக்கியது. அதிலும் நுவரெலியா, மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழராக இருக்கும் மாவட்டம். ஆனாலும் இந்த மடலை உரிமை வழக்காக வளர்க்க நான் விரும்பவில்லை. பிள்ளையைச் சுற்றுலா அழைத்துப் போவது கதை கேட்பதற்காக. தடையை எங்கள் மொழியில் தந்துவிட்டுக் கதையைத் தராமல் விட்டால், நாங்கள் அங்கே விருந்தாளிகளா, கண்காணிக்கப்பட வேண்டியவர்களா என்ற கேள்வி ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் எழத்தானே செய்யும்?

கதைக்குப் பஞ்சமுள்ள ஊரா அது? பிள்ளைகள் படகு விடும் வாவி இயற்கையானதன்று, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்டது. ரோசாவும் பன்னமும் காணப் போகும் ஹக்கல, 1861இல் சிங்கோனா மரத்தை, அதாவது மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் மரத்தை, வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டுகளில், அதுவரை இந்த மலைகளில் பயிரிடப்பட்டு வந்த கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றிப் பின்னர் தோட்டந்தோட்டமாக அழித்ததால்தான் இந்த மலைகள் தேயிலைப் பச்சையாயின. அந்தக் கோப்பிக்குக் காடு வெட்டியவர்களும், பிறகு தேயிலைக்குக் குழி வெட்டியவர்களும், தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். அந்த வருகையின் 200 ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்தோம். இவற்றையெல்லாம் என் பிள்ளைகளுக்கு நான் விடுதி அறையில், கைபேசியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். இந்தக் கதைகள் நிற்க வேண்டிய இடம் வாவிக்கரையும் மரத்தடியும் அல்லவா?

மூன்றாம் நாள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனோம். என் தாயார் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் தொழிலாளியாகப் பேர் பதிந்து, கல்யாணமாகிக் கொழும்புக்கு வரும்வரை கொழுந்தெடுத்தவர். சுற்றிக்காட்ட வந்தவளுக்கு இருபது வயதிருக்கும். எங்களோடு சேர்ந்த வெளிநாட்டவருக்காக ஆங்கிலத்திலும் மற்றவர்களுக்காகச் சிங்களத்திலும் ஒப்பித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். அந்தக் கூட்டத்திலேயே தேயிலையை அதிகம் அறிந்தவரான என் தாயார் கடைசி ஆளாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். கொழுந்து பரப்பிய நீண்ட தொட்டிகளின் அருகே வந்ததும், பேத்தியின் காதோடு, “இதுதான் வாட்டுற எடம். பறிச்ச கொழுந்து ராத்திரி முச்சூடும் காத்துல கெடந்து துவளணும், இல்லாட்டி உருட்டுறப்போ நொறுங்கிப் போயிரும்” என்றார். முன்னே போன பெண் சட்டென்று நின்றாள். “பாட்டி, நீங்க தோட்டமா?” என்றாள்.

அதன் பிறகு கிடைத்த கால்மணி நேரத்தை என் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். உருட்டி விரித்திருந்த ஈர இலையில் ஒரு சிட்டிகை எடுத்து மகனின் உள்ளங்கையில் வைத்து, பச்சை எப்படிச் செம்பு நிறமாகிறது என்று காட்டினாள். மோந்து பார்க்கச் சொன்னாள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் தேறும் என்றாள். என் மகள் உடனே பாட்டியைத் திரும்பிப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்று கேட்டு, பதினெட்டு என்ற விடையை ஐந்தால் வகுத்து, “நாலு கிலோ கூட வராதே!” என்று திகைத்து நின்றாள். முதுகில் கூடையும் இடுப்பில் படங்குமாக மழையில் நின்ற ஒரு முழுநாளின் கணக்கு அது. விடைபெறும்போது, முதலிலேயே ஏன் தமிழில் சொல்லவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “தமிழ்ல சொல்லச் சொல்லி யாரும் சொல்லலீங்க அக்கா. மனப்பாடம் பண்ணக் குடுத்தது மத்த ரெண்டும்தான்” என்றாள். அவளுடைய தாயும் அதே தோட்டத்து மலையில் அன்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாராம்.

ஆகவே, பெரிய செலவில்லாத சிலவற்றைக் கேட்கிறேன். விளக்கப் பலகை வைக்கும் இடத்தில், மற்ற இரு மொழிகளின் அதே அளவில், அதே பலகையிலேயே தமிழையும் எழுதுங்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன், உங்கள் ஊரிலேயே இருக்கும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். சுற்றிக்காட்டுபவர்களில் தமிழ் பேசுவோருக்கு, தமிழ்க் குடும்பம் வந்தால் தமிழில் பேசலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஏப்ரல் மாதத்திலாவது நாளுக்கு ஒரு முறை முழுவதும் தமிழில் சுற்றிக்காட்ட ஒரு நேரம் குறித்தால் இன்னும் நல்லது. கைபேசியைக் காட்டினால் தமிழ் வரும் என்று பலகையில் சதுரக் குறியீடொன்றை ஒட்டிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருந்துவிடாதீர்கள். பிள்ளையிடம் கைபேசி இல்லை, என் தாயாருக்கு அதைத் திறக்கத் தெரியாது. முடிந்தால் பலகைக்கு எதிரே ஒரு வாங்கும் போடுங்கள். முழங்கால் வலியோடு நின்று வாசிப்பது சிரமம்.

தமிழைச் சரிபார்க்க ஆளில்லை என்பது உங்கள் கவலையென்றால், எங்கள் ஒழுங்கையிலேயே ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் மூவர் இருக்கிறார்கள். வாசகங்களை அனுப்பினால் ஒரு கிழமைக்குள் காசு வாங்காமல் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் ‘பரிக்காதீர்’ பலகையை மகள் ஏற்கெனவே கொப்பியில் சிவப்புப் பேனையால் திருத்தி வைத்திருக்கிறாள். வருகிற ஏப்ரலில் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டுதான் வருவாள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்