ஆண்டறிக்கை: உவர்நீர் மீன்களும் நம் வீட்டுத் தொட்டிகளும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். எனவே நேராக, இந்த ஆண்டு நாம் அதிகம் பேசிய, அதிகம் பாடுபட்ட விஷயத்துக்கு வருகிறேன்: உவர்நீர் மீன்களை, அதாவது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்து மீன்களை, வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது.

சென்னைக்காரர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்புதான். வடக்கே பழவேற்காடு, தெற்கே முட்டுக்காடு, நடுவில் அடையாறு முகத்துவாரம். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் 1987 முதல் இங்கேதான் இருக்கிறது. 1997-ல் கொடுவாவையும் 2015-ல் பால்கெண்டையையும் அடைப்பில் முட்டையிட வைத்தவர்கள் அவர்கள். அந்தச் செய்திகளைப் படித்த உற்சாகத்தில் நம்மில் பலர் ஸ்கேட் (scat), மோனோ என்ற உவர்நீர் அலங்கார மீன்களை வாங்கி வந்து ஜோடி சேரும் என்று காத்திருந்தோம். ஒரு தொட்டியில்கூட முட்டை வரவில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. இவை முட்டையை எதிலும் ஒட்டுவதில்லை, காப்பதும் இல்லை. திறந்த நீரில் சிதறவிட்டுப் போய்விடும். ஸ்கேட் 30 சென்டிமீட்டர் வரைகூட வளரும் மீன். முழு வளர்ச்சி அடைந்த கூட்டத்தை வைக்க வரவேற்பறைத் தொட்டி போதாது. அப்படியே முட்டை பொரிந்தாலும் குஞ்சின் வாய்க்குள் நாம் வழக்கமாகக் கொடுக்கும் ஆர்ட்டீமியா என்ற பொடி இறால்கூட நுழையாது. அதைவிடச் சிறிய நுண்ணுயிரியான ரோட்டிஃபர் வேண்டும், ரோட்டிஃபருக்குப் பச்சைப் பாசி நீர் வேண்டும். மீன் வளர்ப்பதற்கு முன் இரண்டு பண்ணை நடத்த வேண்டும். அது குஞ்சு பொரிப்பகத்தின் வேலை என்பது என் உறுதியான கருத்து.

நமக்கு ஏற்றது ஆரஞ்சு குரோமைட். கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள். கரிமீனுக்கு உறவுக்காரன், ஆனால் 8 சென்டிமீட்டர்தான் வளரும். முட்டை முதல் முதிர்ச்சி வரை காயலிலேயே வாழ்ந்து முடிக்கும். சுமார் 200 முட்டைகளைக் கல்லிலோ மண்சட்டியின் உட்புறத்திலோ ஒட்டும். ஒவ்வொரு முட்டையும் மெல்லிய காம்பில் நின்று ஆடும். ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் விசிறும், வெளுத்துப்போன முட்டையைப் பொறுக்கி எடுக்கும். ஏறக்குறைய 5 நாளில் பொரிந்ததும் குஞ்சுகளை வாயில் கவ்வி, மணலில் முன்கூட்டியே தோண்டி வைத்த குழிக்கு மாற்றும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் சுரக்கும் கோழையை மேய்வதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறு மீன் பிடிக்காது.

இதனால்தான் முட்டையைத் தனித் தொட்டிக்கு மாற்றாதீர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன். மற்ற மீன்களை வேண்டுமானால் மாற்றுங்கள். ஜோடியை மட்டும் அதன் போக்கில் விடுங்கள். முதல் தடவை முட்டையைத் தின்றுவிட்டால் பதறவும் வேண்டாம். இளம் ஜோடி அப்படித்தான். அடுத்தடுத்த தடவை பழகிக்கொள்ளும்.

அப்புறம் உப்பு. கடைக் கல்லுப்பைக் கரைத்தால் உவர்நீர் ஆகிவிடும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே படிந்துவிடும். மெக்னீசியம் கடைசிக் கழிவுநீரோடு போய்விடும். நடுவில் வாருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதில் உப்புக் கரிப்பு இருக்கும், நீரின் பி.எச்.-ஐ (அமில, காரத் தன்மையின் அளவை) ஏறாமல் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் சத்து இருக்காது. கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக்கலவை விலை கூடுதல்தான். ஆனால் லிட்டருக்கு 5 கிராம் போட்டாலே இந்த மீனுக்குப் போதும். கடல்நீரில் இருப்பது 35 கிராம்.

ஏப்ரல், மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் வேகமாகக் குறையும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் வாரத்துக்கு வாரம் கரிப்பு ஏறும். உப்பின் அளவைத் திடீரென்று மாற்றினால் ஃபில்டரில் இருந்து மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றிவிடும் நல்ல பாக்டீரியாவும் அடிபடும். உடனே அம்மோனியா ஏறும், பி.எச். கூடிய நீரில் அதன் நஞ்சும் கூடுதல். குஞ்சுகள் ஒரே இரவில் செத்துக் கிடந்த தொட்டிகளை விசாரித்தபோது, பெரும்பாலும் முந்தின நாள் அள்ளி அள்ளித் தண்ணீர் மாற்றியிருந்தார்கள்.

சரி, வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். சங்கப் பணத்தில் நீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி, உறுப்பினர்கள் முறைவைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆர்ட்டீமியா முட்டையை மொத்தமாக வாங்கிச் சிறு பொட்டலமாகப் பிரித்துத் தர வேண்டும். நம் தொட்டிகளில் பிறந்த குஞ்சுகளை உறுப்பினர்களுக்குள்ளேயே பகிர்ந்துகொண்டு, முகத்துவாரத்தில் வலைபோட்டுப் பிடித்த குஞ்சுகளை வாங்குவதை நிறுத்த வேண்டும். மூன்றாவதை முதலில் விவாதத்துக்கு எடுக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்